புலிக்குச் சோறு போட்ட பிள்ளை

புதுச்சேரி நேரு வீதியில் இந்தியன் காபி ஹவுஸ் இருக்கிறதல்லவா, அங்கே காபி குடித்துக்கொண்டிருந்த ஒரு வெளிநாட்டு எழுத்தாளரிடம் ஒரு பெரியவர் பேச்சுக் கொடுக்கிறார். தன்னிடம் ஒரு கதை இருப்பதாகவும், அதைக் கேட்டால் கடவுளிடம் நம்பிக்கை வந்துவிடும் என்றும் சொல்கிறார். 'லைஃப் ஆஃப் பை' என்கிற நாவல் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. எழுதியவர் கனடா நாட்டுக்காரரான யான் மார்ட்டெல். 2001-ல் வெளிவந்து, அடுத்த வருஷமே புக்கர் பரிசு வாங்கிய புத்தகம். 2012-ல் சினிமாவாகவும் வந்தது. நம் பாம்பே ஜெயஸ்ரீ அதற்காகத் தமிழில் ஒரு தாலாட்டு எழுதிப் பாடி, ஆஸ்கர் பரிசுப் பட்டியல் வரை போனதே, அந்தப் படம்தான். படம் பார்த்தவர்கள் இருப்பீர்கள். நான் சொல்ல வருவது புத்தகத்தைப் பற்றி.

நான் பன்னிரண்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிக்க வருமே தவிர, ஒரு நாவலை ரசித்துப் படிக்கிற அளவுக்கு வராது. புதுச்சேரியில் காலேஜ் படிக்கிற என் மகள் லீவுக்கு வந்தபோது இதைக் கொண்டுவந்தாள். ராத்திரி சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தால், ஓர் அத்தியாயத்தை முதலில் தனக்குள் படித்துக்கொண்டு அப்படியே தமிழில் சொல்வாள். என் மாமியாரும் வெற்றிலைப் பெட்டியோடு வந்து உட்கார்ந்துகொள்வார். இருபது நாள் போல ஓடியது. நாங்கள் டி.வி. சீரியலைக்கூட மறந்துபோனோம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

கதை இதுதான். புதுச்சேரி தாவரவியல் பூங்காவில் ஒருவர் மிருகக்காட்சி சாலை நடத்துகிறார். (நிஜத்தில் அங்கே அப்படி ஒன்று கிடையாது, கதைக்காக வைத்தது என்று மகள் சொன்னாள். பூங்கா மட்டும் 1826-லிருந்து இருக்கிறது.) அவருடைய இளைய மகனுக்குப் பாரிஸ் நகரத்து நீச்சல் குளம் ஒன்றின் பெயரை வைத்துவிடுகிறார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதை அசிங்கமாகத் திரித்துக் கேலி செய்ய, பையன் கணக்குப் பாடத்தில் வருகிற 'பை' என்று தானே சுருக்கிக்கொள்கிறான். இந்தப் பிள்ளைக்கு ஒரு வினோதமான ஆசை. கோயிலுக்கும் போவான், மாதா கோயிலுக்கும் போவான், மசூதிக்கும் போவான். ஒருநாள் கடற்கரைச் சாலையில் பூசாரி, பாதிரியார், இமாம் மூன்று பேரும் ஒரே நேரத்தில் அவன் அப்பா அம்மாவைப் பிடித்துக்கொண்டு, இவன் எங்கள் ஆள் என்று சண்டை போடுகிறார்கள். படித்தவர்கள் இதை ரொம்பப் புதுமையாகப் பேசுவார்களாம். எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு இது ஒன்றும் புதுசில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் சிதம்பரத்துக்கும் நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் சேர்த்தே மஞ்சள் துணியில் காசு முடிகிறவர்கள்தானே நாங்கள்?

1977-ல் அந்தக் குடும்பம் மிருகங்களோடு கனடாவுக்குக் கப்பல் ஏறுகிறது. நடுக் கடலில் கப்பல் முழுகிப்போகிறது. அப்பா, அம்மா, அண்ணன் யாரும் தப்பவில்லை. உயிர்காக்கும் படகில் மிஞ்சியது 16 வயதுப் பையன், கால் முறிந்த ஒரு வரிக்குதிரை, ஒரு கழுதைப்புலி, ஒரு உராங்குட்டான் குரங்கு, சுமார் 200 கிலோ எடையுள்ள ஒரு வங்கப் புலி. சில நாளில் ஒன்றை ஒன்று அடித்துத் தின்று, கடைசியில் புலியும் பையனும் மட்டும். புலிக்கு ரிச்சர்ட் பார்க்கர் என்று பெயர். 26 அடிப் படகு. 227 நாள்.

என்னவோ பெரிய வீரசாகசம் வரப்போகிறது என்று நினைத்துக் கேட்டால், நடுவில் ஒரு பக்கத்தில் அந்தப் பிள்ளை தன் தினசரி வேலைகளை வரிசையாகச் சொல்கிறான். விடிந்ததும் எழுந்திருப்பது, பிரார்த்தனை. அப்புறம் புலிக்குத் தீனி. படகையும் தெப்பத்தையும் சுற்றிப் பார்த்து, முடிச்சுகளும் கயிறுகளும் சரியாக இருக்கின்றனவா என்று சோதிப்பது. குடிதண்ணீர் செய்கிற சாதனங்களைத் துடைத்து வைப்பது. பிறகுதான் தன் சாப்பாடு. இருப்புக் கணக்குப் பார்ப்பது, மீன் பிடிப்பது, அறுத்துக் கழுவிக் கீற்றுப் போட்டு வெயிலில் உலர்த்துவது. மத்தியானம் மறுபடி பிரார்த்தனை, கொஞ்சம் ஓய்வு, உடம்பில் உள்ள புண்களைப் பார்த்துக்கொள்வது. சாயங்காலம் கத்தி முதலான சாமான்களைக் கழுவி வைப்பது, தனக்கும் புலிக்கும் இரவுச் சாப்பாடு. இருட்டுவதற்குள் அன்றைக்குச் சேர்ந்த தண்ணீரை பத்திரப்படுத்துவது. படுக்குமுன் பிரார்த்தனை.

மகள் இதைச் சொல்லி முடித்ததும் நான் சிரித்துவிட்டேன். "என்னம்மா சிரிக்கிற?" என்றாள். "இது என் டைம் டேபிள்டி!" என்றேன். நிஜமாகவே அப்படித்தான் இருந்தது. வாசல் தெளித்து விளக்கேற்றுவதிலிருந்து, அரிசி மூட்டை எத்தனை நாளைக்கு வரும் என்று பார்ப்பது, வற்றல் போட்டுக் காக்கை ஓட்டுவது, ராத்திரி கேஸை மூடினோமா என்று மறுபடி எழுந்து போய்ப் பார்ப்பது வரைக்கும். நடுக்கடலில் ஒரு பிள்ளையைப் பிழைக்க வைத்தது, நாம் 'வீட்டு வேலை' என்று சலித்துக்கொள்கிற அதே சமாசாரம். பிரார்த்தனையைக்கூட அவன் தனியாகத் தூக்கி உயரத்தில் வைக்கவில்லை. முடிச்சு சோதிக்கிற வேலைக்கும் மீன் கழுவுகிற வேலைக்கும் நடுவில் ஒரு வேலையாக அது இருக்கிறது. பூசைக்குச் சிலை இல்லை, ஆமைக் கறிதான் பிரசாதம். மக்கா எந்தத் திசை என்று தெரியாமலே தொழுகை. என்னைக் கேட்டால், அந்த நாவலில் கடவுள் நம்பிக்கை என்பது இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. காபி ஹவுஸ் பெரியவர் சொன்னதில் இல்லை.

குடிதண்ணீர் செய்கிற சாதனம் என்றேனே, அதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கடல் தண்ணீரைக் குடித்தால் தாகம் அடங்காது, அதிகம்தான் ஆகும். அதில் நூற்றுக்கு மூன்றரைப் பங்கு உப்பு. அந்த உப்பை வெளியே தள்ளுவதற்குச் சிறுநீரகம், குடித்ததைவிட அதிகத் தண்ணீரை உடம்பிலிருந்து எடுத்துச் செலவழித்துவிடும். அதனால்தான் சுற்றிலும் தண்ணீர் இருந்தும் செத்துப்போகிறார்கள். இந்தச் சாதனத்தில் கடல் தண்ணீரை ஊற்றி வெயிலில் மிதக்க விட்டால், ஆவி மேலே எழும்பி மூடியின் உட்புறம் துளித் துளியாகப் படிந்து, உப்பில்லாத தண்ணீராக வழிந்து சேரும். சோற்றுப்பானை மூடியைத் திறக்கும்போது உள்பக்கம் முத்து முத்தாக நிற்கிறதே, அதே சங்கதி.

இந்தப் பையன் சைவம். பசி தாங்காமல் முதல் மீனைக் கொல்லும்போது அழுகிறான். அதற்குப் பிறகு தினசரிப் பிரார்த்தனையில் அந்த மீனையும் சேர்த்துக்கொள்கிறான். நாள் போகப் போக ஆமை ரத்தத்தைக் குடிக்கிற அளவுக்கு வந்துவிடுகிறான். தன் கிழிந்த துணி, படகு, எதிரே இருக்கிற புலி எல்லாவற்றையும் காட்டி, இதெல்லாம் கடவுளுடையது என்று வாய்விட்டுச் சொல்லித் தைரியம் தேடிக்கொள்கிறான். துணி நைந்துபோகிறது, படகு சிறையாகத் தெரிகிறது, புலி பயமுறுத்துகிறது. கடவுள் பக்கத்திலிருந்து பதிலே இல்லை. எழுத்தாளர் இந்த இடத்தில் பொய் சொல்லவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. கும்பிட்டவுடன் மழை கொட்டியது, கப்பல் வந்தது என்று எழுதியிருந்தால் மகளை அன்றோடு நிறுத்தச் சொல்லியிருப்பேன்.

என் மாமியாருக்குச் சந்தேகம் வேறு விதமாக வந்தது. "ஏ பாப்பா, அந்தப் புலியத் தண்ணியில தள்ளிவுட்டுட்டா தீந்துது. அதுக்குப் போயி ஏன் மீன் புடிச்சிப் போடுறான்?" என்று கேட்டார். பையனும் அதைத்தான் யோசித்திருக்கிறான். கொல்வதற்கு ஆறு யோசனை போட்டுப் பார்த்துவிட்டு, ஏழாவதாக, அதை உயிரோடு வைத்துக்கொள்வது என்று முடிவு செய்கிறான். புலி செத்தால் தனியாக மனம் விட்டுப்போய்த் தானும் செத்துவிடுவோம் என்று அவனுக்கே புரிகிறது. பின்னால் ஒரு தீவு வருகிறது. பகலில் பச்சைப் பசேல் என்று இருந்து ராத்திரியில் ஆளை விழுங்குகிற தீவு. அதைத் தெரிந்துகொண்டு புறப்படுகிறபோதும், புலி திரும்பி வந்து படகில் ஏறுகிற வரைக்கும் காத்திருக்கிறான். விட்டுப் போனால் கொன்ற மாதிரி என்கிறான்.

மாமியார் வெற்றிலையை மென்றபடியே, "அப்ப சரிதான்" என்றார். அவர் ஏன் அப்படி உடனே ஒப்புக்கொண்டார் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் வளையமாதேவியின் பெயரை 2023 ஜூலை கடைசியில் டி.வி.யில் கேட்டிருப்பீர்கள். பழுப்பு நிலக்கரிச் சுரங்க வேலைக்காகப் பரவனாற்றைத் திருப்பிவிடும் வாய்க்கால் வெட்ட, பச்சைப் பயிர் நின்ற வயலில் இயந்திரங்கள் இறங்கின. நிலம் முன்பே எடுக்கப்பட்டதுதான். ஆனாலும் அதில் உழுதுகொண்டும் நட்டுக்கொண்டும்தான் இருந்தோம். எங்கள் காணியும் அதில் ஒன்று. நியாய அநியாயங்களை எல்லாரும் பேசியாயிற்று, நான் இங்கே அதைச் சொல்ல வரவில்லை. அத்தையைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

அன்றைக்கு அத்தை தூரத்தில் நின்று பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்து திண்ணையில் படுத்தவர் மூன்று நாள் சோறு தொடவில்லை. மோர் கொடுத்தால் உதட்டில் படும், உள்ளே போகாது. வெள்ளிக்கிழமை தவறாமல் மாரியம்மனுக்கு விளக்கு வைக்கிறவர், "விளக்கு ஒண்ணும் வாணாம், எடுத்து உள்ள வையி" என்று சொல்லிவிட்டார். என்னவர் டாக்டரைக் கூட்டி வந்தார். அவர் குளுக்கோஸ் ஏற்றலாம், ஆனால் சாப்பிட மனசு வைக்க வேண்டியது அவங்கதான் என்று சொல்லிவிட்டுப் போனார். எழுபது வயதைத் தாண்டிய உடம்பு. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

எங்களுக்கு ஒரு சிவப்பு மாடு உண்டு. அத்தை கை பட்டால்தான் சுரப்பு விடும். நானும் என்னவரும் மாற்றி மாற்றி உட்கார்ந்து பார்த்தோம், எட்டி உதைத்ததுதான் மிச்சம். கன்றுக்குட்டி குடித்தது போக மடி கனத்து, நாலாம் நாள் விடியற்காலையில் கத்தியது பாருங்கள், தெருவே எழுந்துவிட்டது. அத்தை எழுந்து உட்கார்ந்தார். "மடி கல்லாட்டம் ஆயிருக்கும், பாவிங்களா, வாயில்லாத ஜீவனை இப்படியா போட்டு வைப்பீங்க" என்று எங்கள் எல்லாரையும் திட்டிக்கொண்டே, சுவரைப் பிடித்து நடந்து தொழுவத்துக்குப் போனார். வெந்நீரில் துணியை நனைத்து மடிக்கு ஒத்தடம் கொடுத்து, நிதானமாகக் கறந்தார். கறந்து முடித்து, "பழைய சோத்துத் தண்ணி இருந்தா கொண்டா" என்றார். ஒரு சொம்பு நீராகாரம் முழுசாக உள்ளே போனது. நான் அடுப்படியில் போய் நின்று அழுதேன்.

விளக்கு ஏற்ற அதற்கப்புறம் இரண்டு மாதம் ஆயிற்று. மாட்டுக்கு முதலில், மாரியம்மனுக்கு அப்புறம். அம்மன் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

நம் தமிழ் நாவல்களிலும் இப்படி ஒரு பெண் இருக்கிறாள். அசோகமித்திரன் எழுதிய 'தண்ணீர்', 1973-ல் வந்தது. சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம், குழாயில் சொட்டு வருவதில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக அலைகிற காலம். ஜமுனா என்கிற பெண், ஒருவனை நம்பி ஏமாந்து, கூட இருந்த தங்கையும் கோபித்துக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போய்விட, உயிரை விடப் பார்க்கிறாள். அவளை இழுத்து நிறுத்துவது சாமியாரோ டாக்டரோ இல்லை. பக்கத்து வீட்டு டீச்சரம்மா. வீட்டில் எப்போதும் இருமிக்கொண்டிருக்கும் புருஷன், மாமியார், வேலைக்கு வேலை என்று கஷ்டப்படுகிறவள். அவள் ஜமுனாவிடம் தன் கதையைச் சொல்லிக் கொஞ்சம் கடுமையாகவே பேசுகிறாள். ஜமுனா மறுபடி குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போகிறாள். சின்ன நாவல்தான், லைப்ரரியில் கிடைத்தால் விடாதீர்கள். வீட்டில் மனசு நொந்து சாப்பிடாமல் கிடக்கிறவர்கள் இருந்தால், டாக்டரைக் கூப்பிடுவதோடு, டீச்சரம்மா மாதிரி ஒரு மனுஷியும் பக்கத்தில் போய் உட்கார வேண்டும். இது என் அனுபவம்.

கதையில் எழுதலாம், நிஜத்தில் நடக்குமா என்று கேட்பீர்கள். அல்வரெங்கா என்று ஒரு மீனவர், எல் சால்வடார் நாட்டுக்காரர். 2012 நவம்பரில் மெக்சிகோ கரையிலிருந்து மீன் பிடிக்கப் போனவர் புயலில் அடித்துச் செல்லப்பட்டு, பசிபிக் கடலையே கடந்து, 2014 ஜனவரியில் மார்ஷல் தீவுகளில் கரை ஒதுங்கினார். 438 நாள்! பையைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. மழைத் தண்ணீர், ஆமை ரத்தம், பறவை, பச்சை மீன். கூடப் போன இளைஞன் மனம் உடைந்து, சாப்பிட முடியாமல் வழியிலேயே இறந்துவிட்டான் என்று அவர் சொன்னார். ஒரே படகு, ஒரே கடல். எனக்கு அந்த இளைஞனை நினைத்தால்தான் மனசு கேட்பதில்லை. அவன் படகில் ஒரு மாடு கத்தவில்லை.

இனி நாவலின் முடிவைச் சொல்ல வேண்டும். படிக்கப் போகிறவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மெக்சிகோ கரையில் படகு ஒதுங்கியதும் புலி குதித்து, திரும்பிக்கூடப் பார்க்காமல் காட்டுக்குள் போய்விடுகிறது. பை குழந்தை மாதிரி அழுகிறான். கப்பல் முழுகிய காரணத்தை விசாரிக்க ஜப்பான் நாட்டு அதிகாரிகள் இரண்டு பேர் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். புலிக் கதையை அவர்கள் நம்பவில்லை. சரி என்று இன்னொரு கதை சொல்கிறான். அதில் மிருகமே இல்லை. படகில் இருந்தவர்கள் கால் முறிந்த ஒரு மாலுமி, கப்பல் சமையல்காரன், பையின் அம்மா, பை. பசியில் சமையல்காரன் செய்த காரியங்களை நான் இங்கே எழுதப் போவதில்லை. அம்மாவையும் அவன் கொன்றுவிடுகிறான். பிறகு பை அவனைக் கொல்கிறான். அப்படியென்றால் வரிக்குதிரை மாலுமி, கழுதைப்புலி சமையல்காரன், உராங்குட்டான் அம்மா. புலி யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ரிச்சர்ட் பார்க்கர் என்ற பெயரே சும்மா வைத்ததில்லையாம். 1884-ல் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்ட ஒரு சின்னக் கப்பல் முழுகியபோது, கூட இருந்தவர்கள் பசியில் கொன்று தின்ற 17 வயதுப் பையனின் பெயர் அது. இருவர் மேல் வழக்கு நடந்து தண்டனையும் ஆயிற்று.

எந்தக் கதை நல்ல கதை என்று பை அதிகாரிகளைக் கேட்கிறான். மிருகங்கள் வருகிற கதைதான் என்கிறார்கள். கடவுள் விஷயமும் அப்படித்தான் என்று பை சொல்வதாக வருகிறது. மகளுக்கு இந்த இடம் ரொம்பப் பிடித்தது. எனக்கு ஒப்பவில்லை. நன்றாக இருக்கிறது என்பதற்காகவா சாமியை நம்புகிறோம்? புடவை எடுக்கிற மாதிரி? இரண்டு பேரும் அதைப் பற்றி ராத்திரி பதினொரு மணி வரை வாக்குவாதம் பண்ணினோம்.

ஆனால் படுத்தபின் எனக்கு வேறொன்று தோன்றியது. புலிக் கதையில் உராங்குட்டான் எப்படி வருகிறது தெரியுமா? கப்பல் முழுகியபின், வலையில் கட்டிய வாழைப்பழக் குவியல் மேல் உட்கார்ந்து, அலையில் மிதந்து மிதந்து படகுக்கு வருகிறது. அம்மா செத்த விதத்தை வாயால் சொல்ல முடியாத பிள்ளை, அவளை வாழைப்பழத் தெப்பத்தில் உட்கார வைத்துக் கொண்டுவந்திருக்கிறான்.

எங்கள் அத்தையிடம் வெளியூர் விருந்தாளிகள் யாராவது, "உங்க காணி என்ன ஆச்சு?" என்று கேட்டால், "அந்த வருஷம் வெள்ளம் வந்து அடிச்சிட்டுப் போயிடுச்சி" என்றுதான் சொல்வார். பரவனாற்றுப் பக்கம் வெள்ளம் வருவது வழக்கம்தான், அதனால் கேட்டவர்களும் தலையாட்டிக்கொள்வார்கள். நாங்களும் திருத்துவதில்லை.

கதை முடிந்த மறுநாள் மகள் விடவில்லை. "ஆயா, நீ சொல்லு. எந்தக் கதை நெஜம்?"

அத்தை பாக்கை வெட்டிக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அது கெடக்கட்டும். காட்டுக்குள்ள போச்சே அந்தப் புலி, அதுக்கு வேட்டையாடத் தெரியுமா? இம்மாம் நாளு கைச்சோறு தின்னு பழகுனதாச்சே. பசிச்சா என்னா பண்ணியிருக்கும்?"

மகளுக்குப் பதில் தெரியவில்லை. புத்தகத்திலும் இல்லையாம்.